கெட்டிமேளம் கொட்டும்போது நிற்காத லைவ்

கல்யாண லைவ் எடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். காலையிலிருந்து காசியாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமாகப் போயிருக்கும். சாஸ்திரிகள் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று சொல்லும் அந்த நிமிடத்தில் யூடியூபில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். டொராண்டோவில் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கும் அத்தைக்குத் தாலி கட்டுவது மட்டும் தெரியாது. அடுத்த நிமிடமே பெண்ணின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் போன் வந்துவிடும். அவர் நேராக நம் மேஜைக்கு வந்து, "தம்பி, நெட்டு ஸ்லோவா?" என்பார்.

பெரும்பாலும் நெட் ஸ்லோவாக இருக்காது. அப்போதும் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் அப்லோடு 40, 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட், பேச்சில் வெறும் எம்பி) காட்டும். நாங்கள் அனுப்பும் லைவோ 1080பி, நொடிக்கு 30 ஃப்ரேம், 5 எம்பிபிஎஸ். ஐம்பது போகிற வழியில் ஐந்து ஏன் போகவில்லை? இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கும்பகோணம், மாயவரம் பக்கத்து மண்டபங்களில் லைவ் செய்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டில் தனியாக ஒரு வைஃபை அடாப்டர் செருகுவதால் இந்தத் தொல்லை நிஜமாகவே தீரும். ஆனால் அது எந்த வேலைக்கு என்று தெரிந்து செருக வேண்டும். வேகம் கூடும் என்று நினைத்துச் செருகினால் காசுதான் வீண்.

ஸ்பீடு டெஸ்ட் சில நொடிகள் ஓடிவிட்டு ஒரு சராசரியைச் சொல்லும். நடுவில் ஒரு நொடி எதுவுமே போகாமல் நின்றிருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது. லைவுக்கு அந்த ஒரு நொடிதான் எமன். வெளியே போக வேண்டிய படம் ஏறத்தாழ 0.7 நொடி அளவுக்குத் தேங்கினாலே, லைவ் அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் ஃப்ரேம்களைத் தூக்கிப் போட ஆரம்பித்துவிடும். ஆகவே நமக்கு வேண்டியது சீராகப் போகும் 5 எம்பி. அந்தச் சீரைக் கெடுப்பது பெரும்பாலான மண்டபங்களில் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கும் முப்பது அடிக் காற்றுதான்.

வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். வரவேற்பு மேடையில் ஒரே மைக்கை மாற்றி மாற்றி வாங்கி வாழ்த்துரை சொல்வது போலத்தான். கையில் மைக் இருப்பவர் முடித்தால்தான் அடுத்தவர், ஒருவர் இழுத்து இழுத்துப் பேசினால் வேகமாகப் பேசத் தெரிந்தவரும் காத்திருக்க வேண்டும். 1,500 பைட் கொண்ட ஒரு தரவுத் துண்டை, அதாவது பாக்கெட்டை, 300 எம்பிபிஎஸ்ஸில் பேசும் கருவி 40 மைக்ரோநொடியில் தள்ளிவிடும். அதே பாக்கெட்டை பந்தி நடக்கும் ஹாலின் மூலையிலிருந்து 1 எம்பிபிஎஸ்ஸில் பேசும் ஒரு பழைய போன் அனுப்ப 12 மில்லிநொடி ஆகும். முந்நூறு மடங்கு நேரம். அந்த ஒரு போனால் மண்டபம் முழுக்கக் காத்திருக்கிறது.

இது இன்றைய சிக்கலும் இல்லை. 1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே ரேடியோ வழியாகக் கணினிகளை இணைத்து அலோஹாநெட்டை ஓடவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் நினைத்த நேரத்தில் பேசலாம், மோதிக்கொண்டால் திரும்ப அனுப்பலாம் என்பது அதன் விதி. அப்படி விட்டால் சேனலின் கொள்ளளவில் அதிகபட்சம் சுமார் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கு சொன்னது. இன்றைய வைஃபை அதைவிட எவ்வளவோ நாகரிகமானது, முதலில் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசும். ஆனாலும் நானூறு போன்கள் ஒரே நிமிடத்தில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும்போது, காது கொடுத்துக் கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. கெட்டிமேளத்தில் நடப்பது அதுதான்.

இப்போது நம் மேஜையைப் பாருங்கள். மணவறைக்குப் பக்கவாட்டில் லேப்டாப். ஒரு பெரிய கேமரா எச்டிஎம்ஐ வழியாக, படத்தை லேப்டாப்புக்குள் வாங்கிக் கொடுக்கும் கேப்சர் கார்டுக்கு வருகிறது. இரண்டு பையன்கள் கையில் போன் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் சுற்றுகிறார்கள், அந்தப் படம் வைஃபையில் ரவுட்டருக்கு வந்து அங்கிருந்து லேப்டாப்புக்கு வருகிறது. அதே ரவுட்டரில்தான் நெட்டும். ஒரு போன் படம் 10 எம்பி என்று வைத்தால், போனிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு தடவை என்று காற்றில் 20 எம்பி. இரண்டு போனுக்கு 40. அதற்கு மேல் லேப்டாப்பிலிருந்து வெளியே போகும் 5. எல்லாம் ஒரே சேனலில், லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரே ஒரு சின்ன கார்டு வழியாக. அந்தக் கார்டு உள்ளே வரும் படத்தை வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதே சேனலில் வெளியே எதையும் அனுப்ப முடியாது. நாமே நமக்குக் கூட்டம் சேர்த்துக்கொள்கிறோம்.

தனி அடாப்டரின் வேலை இங்கேதான் வருகிறது. உள்ளே வரும் கேமராவுக்கு ஒரு வழி, வெளியே போகும் லைவுக்கு வேறு வழி. கேமரா போன்களுக்கென்று நெட் இல்லாத ஒரு சின்ன ரவுட்டரை மேஜையிலேயே வைத்துவிடுகிறோம். லேப்டாப்பில் லேன் போர்ட் இருந்தால் அந்த ரவுட்டரைக் கேபிளிலேயே இணைத்துவிடலாம், காற்றில் போகும் பாதிச் சுமை அப்போதே குறைந்துவிடும். மெல்லிய லேப்டாப்புகளில் இப்போது பெரும்பாலும் லேன் போர்ட் வருவதில்லை. அப்படியானால் உள்ளே இருக்கும் கார்டு கேமரா ரவுட்டரோடு பேசட்டும். யூஎஸ்பி அடாப்டர், மாடி ஜன்னலில் நல்ல டவர் கிடைக்கும் இடத்தில் வைத்த 5ஜி போனோடோ ரவுட்டரோடோ மட்டும் பேசும், வேறு எதுவும் அதன் வழியாகப் போகக் கூடாது.

"போனையே யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்துவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். மேஜை இருக்கும் இடத்திலேயே டவர் நன்றாக இருந்தால் அதுதான் உத்தமம், நானே முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஆனால் நம் மண்டபங்களில் மணவறை, ஹாலின் உள்கோடியில், கான்கிரீட்டுக்கும் தகரக் கூரைக்கும் அடியில் இருக்கும். சிக்னல் ஜன்னலோரத்தில்தான் முழுதாக வரும். சாதாரண யூஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்பத்தகாதது. அந்தத் தூரத்தைத் தாண்ட வைஃபைதான் வேண்டியிருக்கிறது.

லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டை அந்த வேலைக்கு ஏன் வைக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அதன் ஆன்டெனா பெரும்பாலும் திரையின் ஓரத்தில் ஓடும் ஒரு மெல்லிய தகடு. மேஜையோ இடுப்பளவு உயரம். முன்னால் அலங்காரம், அதற்கு முன்னால் நெருக்கியடித்து நிற்கும் சொந்தபந்தம். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். காலை ஆறு மணிக்குக் காலி ஹாலில் முழுக் கோடு காட்டிய சிக்னல், முகூர்த்தத்தில் கூட்டம் எழுந்து நின்றவுடன் விழுவது அதனால்தான். யூஎஸ்பி அடாப்டரை ஒரு நீட்டிப்புக் கேபிளில் இணைத்து, கேமரா ஸ்டாண்டின் உச்சியில் டேப் போட்டு ஒட்டிவிடலாம். தலைகளுக்கு மேலே ஏழடி உயரத்தில் அது ஜன்னலை நேராகப் பார்க்கும். லேப்டாப்பை அங்கே ஏற்ற முடியுமா? இன்னொன்று, உள்கார்டில் புளூடூத்தும் சேர்ந்தே இருக்கிறது, ஒரே ஆன்டெனாவைப் பங்கு போட்டுக்கொள்ளும். புளூடூத் ஹெட்செட்டில் டைரக்ஷன் கொடுத்துக்கொண்டே, வைஃபை பேசும் பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் லைவ் அனுப்பினால் இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நீட்டிப்புக் கேபிளை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அதில் இன்னொரு பலனும் உண்டு. யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஓடும் தரவு தன்னைச் சுற்றி ரேடியோ இரைச்சலை எழுப்பும். அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து வெளியிட்டது. லைவ் மேஜையில் கேப்சர் கார்டு யூஎஸ்பி 3.0-வில் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருக்கும், ரெக்கார்டிங் போகும் எஸ்எஸ்டியும் அப்படியே. அதற்குப் பக்கத்துப் போர்ட்டில் அடாப்டரைச் செருகி, 2.4-ல் வேலை செய்யவிட்டு நீங்களே பாருங்கள். ரவுட்டர் பத்தடியில் இருந்தாலும், கேப்சர் கார்டில் படம் வர ஆரம்பித்தவுடன் சிக்னல் கோடு ஒன்றிரண்டு இறங்கும். கேப்சர் கார்டைப் பிடுங்கினால் ஏறும். திரும்பச் செருகினால் இறங்கும். அடாப்டரை மூன்றடி தள்ளிப் பிடித்தாலே போதும். எங்களோடு வேலை செய்யும் பையன் இதைக் கண்ணால் பார்த்த பிறகு, "அண்ணே, இதுக்காகவா போன சீசன் முழுக்க நெட்டு கம்பெனிக்காரன வைதோம்" என்று தன்னையும் சேர்த்தே கேட்டுக்கொண்டான்.

அடாப்டரை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் இந்த இரைச்சல் தொடாது. முடிந்தால் அதையே செய்யுங்கள், வேறு யோசனையே வேண்டாம் என்பேன். 2.4-ல் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அந்த மூன்றிலும் மண்டபத்து வைஃபை, பக்கத்துக் கடை வைஃபை, விருந்தினர் ஹாட்ஸ்பாட், புளூடூத், கூடவே நாம் மாப்பிள்ளைக்கு மாட்டிவிட்ட வயர்லெஸ் மைக்கும் இருக்கும். சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்குகள் பல 2.4-ல்தான் பேசுகின்றன, வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கை 5150 முதல் 5350, 5470 முதல் 5725, 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் என்று மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. சுவரைத் துளைக்கும் சக்தி 5-க்குக் குறைவு. நமக்கு அதுவும் நல்லதுதான், பக்கத்துக் கட்டடத்துச் சத்தம் உள்ளே வராது.

ஒரு எச்சரிக்கை. கேமரா ரவுட்டரும் 5, நெட் ரவுட்டரும் 5 என்றால் இரண்டையும் அடுத்தடுத்த சேனலில் வைக்காதீர்கள். ஒரே மேஜையில் ஒரு ரேடியோ கத்தும்போது பக்கத்து ரேடியோவுக்குக் காது அடைத்துவிடும், சேனல் எண் வேறு என்பதற்காக மட்டும் தப்பிக்க முடியாது. ஒன்றை 36 முதல் 48-க்குள்ளும் மற்றதை 149 முதல் 161-க்குள்ளும் வையுங்கள். நடுவில் இருக்கும் 52 முதல் 144 வரையான சேனல்கள் காலியாகத் தெரியும், ஆசைப்படாதீர்கள். அவை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரவுட்டர் அங்கே போகும்முன் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் மாதிரி ஏதாவது கேட்டுவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் சேனலை மாற்றிக்கொண்டு போய்விடும். தாலி கட்டும் நேரம் அதற்குத் தெரியாது. வயர்லெஸ் வீடியோ டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள் அதுவும் 5-ல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கும் ஒரு இடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

எந்த அடாப்டர் வாங்குவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெட்டியில் 'ஏசி600' என்று போட்டிருந்தால் அது 2.4-ல் 150, 5-ல் 433 என்று இரண்டையும் கூட்டிச் சொன்ன எண். 'ஏசி1200' என்றால் 300, 867. ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் அது பேசும், ஆக அந்தக் கூட்டுத்தொகை கடையில் மட்டும் இருப்பது. 5 எம்பி லைவுக்கு 433-ஏ தாராளம். ஆனாலும் இரண்டு ஆன்டெனா உள்ள 1200-ஐத்தான் நான் சொல்வேன், வேகத்துக்காக இல்லை. ஒரு ஆன்டெனாவுக்குச் சரியாகக் கேட்காதது மற்றதுக்குக் கேட்கும், கூட்டத்தில் அந்த வித்தியாசம் தெரியும். நகக்கண் அளவில் போர்ட்டுக்குள்ளேயே மறைந்துவிடும் குட்டி அடாப்டர் இந்த வேலைக்கு ஆகாது. ஆன்டெனா வைக்க அதில் இடமே இல்லை, மூன்று மணி நேரம் ஓடினால் தொட முடியாத அளவு சுடும். லினக்ஸில் ஓபிஎஸ் ஓட்டுபவர்கள் மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் டிரைவர் தேட வேண்டாம், கெர்னலிலேயே இருக்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் போதுமா என்று தயங்க வேண்டாம். 480 எம்பிபிஎஸ் போகும் வழியில் நாம் அனுப்புவது ஐந்து.

செருகியவுடன் வேலை முடிந்துவிடாது. விண்டோஸுக்கு இரண்டு வழிகள் தெரிந்தால் எது நெட்டுக்கு என்று அதுவாகவே முடிவு செய்யும், அந்த முடிவு நம் முடிவாக இருக்காது. கேமரா ரவுட்டரோடு பேசும் கார்டுக்கு ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் வெளியே வழியே இல்லை என்று லேப்டாப்புக்குத் தெரிந்துவிடும். ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்டு அமைப்பில், நெட்வொர்க் பகுதியில் 'பைண்ட் டு ஐபி' என்று ஒன்று இருக்கிறது. அதில் யூஎஸ்பி அடாப்டரின் முகவரியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் லைவ் அதன் வழியாக மட்டும்தான் போகும். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸ் அதைத் தூங்கவைக்கப் பார்க்கும். கூடவே கேமரா ரவுட்டரின் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். பெண்ணின் சித்தப்பா பையன் வந்து, "அண்ணா, ரெண்டு நிமிஷம் மட்டும், ஒரு ரீல் போட்டுட்டுத் தரேன்" என்று கேட்பான். சிரித்துக்கொண்டே மண்டபத்து வைஃபை எங்கே என்று காட்டிவிடுங்கள்.

இதெல்லாம் காற்றில் இருக்கும் அடைப்புக்கு. அடைப்பு காற்றிலா, டவரிலா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. லைவ் செய்பவர் ஒவ்வொருவரும் இதைப் பழகிக்கொள்ள வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு முறை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் நெட் ரவுட்டரின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை), மற்றதில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்குத் தொடர்ந்து பிங். ரவுட்டர் பக்கம் 2, 3, 2, 4 என்று மில்லிநொடிகள் சின்னதாக ஓட வேண்டும். அது திடீரென்று 180, 400, 'டைம்டு அவுட்' என்று குதித்தால் குற்றவாளி வைஃபை. அடாப்டரை உயர்த்துங்கள், சேனலை மாற்றுங்கள். ரவுட்டர் பக்கம் சமர்த்தாக ஓடி, 8.8.8.8 மட்டும் குதித்தால் டவரோ நெட் கம்பெனியோ காரணம். அப்போது எவ்வளவு நல்ல அடாப்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் பெட்டியிலும் பாருங்கள், மூன்று விதமான ஃப்ரேம் இழப்பு தனித்தனியாக எழுதியிருக்கும். ரெண்டரிங், என்கோடிங் என்ற இரண்டும் ஏறினால் லேப்டாப் மூச்சு வாங்குகிறது என்று பொருள். நெட்வொர்க் வரி ஏறினால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

செய்யாறு பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை லைவ் போடும் நண்பர்களுக்கு என் யோசனை வேறு. அங்கே வெட்டவெளி, சுற்றிலும் வயல். காற்றில் கூட்டமே இல்லை, ஆனால் டவர் தூரத்தில். அவர்களுக்கு இரண்டு ரேடியோ தேவையே இல்லை. போனை மூங்கில் கழியில் கட்டி உயரத்தில் ஏற்றி, 720பி-யில் 2.5 எம்பி வைத்துக்கொண்டால் கர்ணன் போர்க்களத்தில் விழுவது வரை தடையில்லாமல் போகும்.

மண்டபத்தில் டவரே திணறும் முகூர்த்தங்களும் உண்டு. வைகாசி முகூர்த்த நாளில் ஒரே தெருவில் மூன்று மண்டபம் நிரம்பியிருக்கும். இரண்டு அடாப்டர் போட்டு இரண்டு போனையும் சேர்த்து இழுத்தால் வேகம் கூடுமே என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. ஓபிஎஸ் யூடியூபுக்குப் போடும் இணைப்பு ஒன்றே ஒன்று, அது ஒரு வழியாகத்தான் போகும். இரண்டு மூன்று சிம்மைச் சேர்த்து ஒரே ஓடையாக்க வேண்டுமானால், மறுமுனையில் அதைத் திரும்பக் கோக்கும் ஒரு சர்வரும் வேண்டும். செய்தித் தொலைக்காட்சி நிருபர்கள் முதுகில் சுமக்கும் பைக்குள் நடப்பது அதுதான், அதன் விலையைக் கல்யாண பட்ஜெட் தாங்காது. எங்கள் அளவில் செய்வது இது: இரண்டாவது கம்பெனி சிம் போட்ட போன் ஒன்று மேஜையிலேயே யூஎஸ்பி கேபிளில் தயாராக இருக்கும். 8.8.8.8 பக்கம் தொடர்ந்து பத்து நொடி கெட்டால் ஸ்ட்ரீமை நிறுத்தி, பைண்ட் டு ஐபி-யில் அந்தப் போனின் முகவரிக்கு மாற்றி, திரும்பத் தொடங்குவோம். யூடியூபில் லைவ் தானாக முடியும் வசதியை முன்பே அணைத்து வைத்திருப்பதால் லிங்க் அப்படியே இருக்கும். டொராண்டோ அத்தைக்குச் சில நொடி இருட்டு, பிறகு படம். அதனால்தான் மாங்கல்ய தாரணத்துக்குக் கால் மணி முன்பே ஒருவர் வேறு வேலை எதையும் தொடாமல் பிங் ஓடும் அந்த இரண்டு கறுப்புப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். மாற்றுவதென்றால் கெட்டிமேளத்துக்கு முன்பே மாற்றிவிடலாம்.